பப் குவிஸுக்குக் கேள்வி தயாரிப்பது எப்படி

"பியானோவில் மொத்தம் எத்தனை கட்டைகள்?" என்று கேட்டால், தெரிந்தவர் 88 என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுவார், தெரியாதவர் சும்மா உட்கார்ந்திருப்பார், அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "வழக்கமான பியானோவில் உள்ள கட்டைகள், சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட விண்மீன் கூட்டங்கள், புதன் கோள் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஆகும் பூமி நாட்கள். மூன்றுக்கும் ஒரே எண்தான், என்ன எண்?" இப்போது சின்ன வயதில் பியானோ பழகிய ஒருவர் கண்ணை மூடி எண்ணத் தொடங்குவார், வானம் பார்க்கிற பழக்கம் உள்ள இன்னொருவர் எண்பதுக்கு மேல் ஏதோ என்பார், மூன்றாமவருக்குப் புதனின் ஆண்டு மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று எப்போதோ படித்தது ஞாபகம் வரும். மூன்று அரைகுறை ஞாபகங்கள் சேர்ந்து ஒரு விடை கிடைத்துவிடும்.

பப் குவிஸ் என்றால் மதுக்கூடத்தில் மேஜைக்கு ஒரு டீமாக உட்கார்ந்து விடை எழுதும் பொது அறிவுப் போட்டி. அந்த மாதிரிக் குவிஸை நண்பர்களுக்கும் சின்னக் கூட்டங்களுக்கும் ரொம்ப நாளாக நடத்திவருகிறேன். கேள்வி எழுத உட்காரும்போதெல்லாம் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தக் கேள்வி மேஜையில் இருப்பவர்களைப் பேச வைக்குமா? ஆம் என்றால் வைத்துக்கொள்வேன், இல்லையென்றால் திருத்துவேன், திருந்தாவிட்டால் தூக்கிப்போட்டுவிடுவேன்.

பப்புக்கும் வாக்குவாதத்துக்கும் உள்ள உறவு பழையது. 1951-ல் கின்னஸ் மது ஆலையின் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவர் அயர்லாந்தில் வேட்டைக்குப் போயிருந்தபோது, வேட்டையாடப்படும் பறவைகளில் ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறப்பது எது என்று உடன் வந்தவர்களோடு பேச்சு வந்தது. எந்தப் புத்தகத்தைப் புரட்டியும் விடை கிடைக்கவில்லை. பப்களில் தினமும் இதே மாதிரி எத்தனை வாக்குவாதம் நடக்கும், அவற்றைத் தீர்க்க ஒரு புத்தகம் வேண்டாமா என்று அவருக்குத் தோன்றியதில் வந்ததுதான் 1955-ல் வெளியான கின்னஸ் சாதனைப் புத்தகம். பப் குவிஸ் பிரிட்டனில் பரவலானது 1970களில். அதன் உயிரும் அந்த வாக்குவாதத்தில்தான் இருக்கிறது, நாம் செய்வதெல்லாம் அதைப் பத்துப் பத்துக் கேள்விகளாகப் பிரித்துக் கொடுப்பதுதான்.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

புதிதாகக் கேள்வி எழுதுபவர்கள் எல்லோரும் ஆண்டைக் கேட்கிறார்கள். மோனா லிசா எந்த ஆண்டு திருடு போனது? யாருக்குத் தெரியும்? தெரியாதவர் யோசித்துப் பிடிக்க அதில் ஒரு நூல்கூடக் கிடையாது. ஆண்டை விடையிலிருந்து எடுத்துக் கேள்விக்குள் வையுங்கள்: "1911-ல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து இது காணாமல் போனபோது, அது தொங்கிய வெற்றுச் சுவரைப் பார்க்கவே கூட்டம் கூடியது. ஓவியர் பிக்காசோவைக்கூடப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. காணாமல் போனது எது?" இதற்கு விடை சொல்ல முடியாத டீம் அநேகமாக இருக்காது, ஆனால் விடை எழுதும்போதே புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்ட சந்தோஷம் எல்லோருக்கும் கிடைக்கும். தெரிந்த விடைக்குத் தெரியாத வழியில் கூட்டிப் போவதுதான் இதில் உள்ள வேலை.

இதே முறையில் இன்னொன்று. "நோபல் பரிசு வாங்கிய முதல் பெண் யார்?" என்பதை எல்லோரும் எங்கேயோ கேட்டிருப்பார்கள். "1934-ல் இறந்துபோன ஒரு விஞ்ஞானியின் குறிப்பேடுகளை இன்றைக்கும் ஈயம் பூசிய பெட்டிகளில்தான் வைத்திருக்கிறார்கள், யாருடையவை?" என்று கேட்டால், ஈயம் எதற்கு, கதிர்வீச்சைத் தடுக்க, அப்படியென்றால் ரேடியம், அப்படியென்றால் மேரி கியூரி என்று டீமே ஒவ்வொரு படியாக ஏறிவரும். விடை ஒன்றுதான், ஆனால் இரண்டாவது கேள்வியில் ஏறிவந்த திருப்தி இருக்கிறது.

கண்டுபிடிப்புக் கதைகள் இதற்கு ரொம்ப வசதியானவை. 1940களில் ஒரு சுவிஸ் பொறியாளர் நாயோடு நடந்துவிட்டு வீடு திரும்பி, நாயின் முடியில் ஒட்டிக்கொண்ட முள்காய்களை நுண்ணோக்கியில் பார்த்தார், நுனியெல்லாம் குட்டிக் குட்டிக் கொக்கிகள். அதிலிருந்து அவர் செய்த பொருள் எது? செருப்பிலும் பையிலும் டர்ரென்று பிரிக்கிற வெல்க்ரோதான். கேள்வியில் 'கொக்கி' என்ற சொல்லை வைப்பதா வேண்டாமா என்பதை வந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம், அந்த ஒரு சொல்லில் கேள்வியின் கடினம் பாதியாகிவிடும்.

பட்டியல் கேள்விகளையும் மறக்காதீர்கள். "நிறத்தின் பெயரைத் தாங்கிய நான்கு கடல்களைச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி." தமிழில் செங்கடலும் கருங்கடலும் உடனே வந்துவிடும். சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவில் மஞ்சள் கடல் இருப்பது கொஞ்ச நேரம் கழித்து யாருக்காவது தட்டுப்படும். ரஷ்யாவின் வடமேற்கில் இருக்கும் வெண்கடலுக்குத்தான் மேஜையே தலையைப் பிய்த்துக்கொள்ளும். கடைசி இடத்தில் இருக்கும் டீமுக்கும் இரண்டு புள்ளியாவது கிடைக்கும், முதலிடத்தில் இருப்பவர்களுக்கும் யோசிக்க வேலை இருக்கும், ஒரே கேள்வியில் இந்த இரண்டும் நடப்பது அபூர்வம்.

ஒரு சொல் விடுபட்டால் என்ன ஆகும்

இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை "உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது?" என்று கேட்டு, சஹாரா என்று விடை வைத்திருந்தேன். ஒரு டீம் அண்டார்டிகா என்று எழுதியது, நான் தவறு போட்டேன், அவர்கள் ஒரே ஒரு புள்ளியில் இரண்டாம் இடத்துக்குப் போனார்கள். வீட்டுக்கு வந்து சரிபார்த்தால் அவர்கள்தான் சரி. பாலைவனத்துக்கு இலக்கணம் மணலோ வெயிலோ இல்லை, மழையோ பனியோ எவ்வளவு குறைவாக விழுகிறது என்பதுதான். அந்தக் கணக்கில் சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் உள்ள அண்டார்டிகா முதலில் வரும், சுமார் 90 லட்சம் சதுர கிலோமீட்டர் உள்ள சஹாரா வெப்பப் பாலைவனங்களில்தான் பெரியது. 'வெப்ப' என்ற ஒரு சொல்லை நான் சேர்த்திருந்தால் போதும். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்த டீம் என்னைவிட நன்றாகப் படித்திருந்தது, அதற்குத் தண்டனை கொடுத்தது நான்.

அதிலிருந்து 'மிக' என்று வரும் எந்தக் கேள்வியையும் நம்புவதில்லை. உயரமான மலை எவரெஸ்ட் என்பது கடல் மட்டத்திலிருந்து அளந்தால்தான், 2020-ல் அறிவித்த கணக்குப்படி 8,848.86 மீட்டர். அடிவாரத்திலிருந்து அளந்தால் பெரும்பகுதி கடலுக்குள் மூழ்கியிருக்கும் ஹவாயின் மவுனா கியா 10,000 மீட்டரைத் தாண்டிவிடும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ உச்சிதான் தூரத்தில் இருக்கிறது, பூமி நடுவில் கொஞ்சம் புடைத்திருப்பதால். மூன்றும் அருமையான கேள்விகள், எங்கிருந்து அளப்பது என்று சொல்லிவிட்டுக் கேட்கும்வரை. நீளமான நதி நைலா அமேசானா என்பதை நான் கேட்பதே இல்லை, அளப்பவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கண்ணி ஒன்று உண்டு. "எந்தக் கோளில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளமானது?" என்று நிறையக் குவிஸ்களில் கேட்கிறார்கள், விடை வெள்ளி என்கிறார்கள். வெள்ளி தன் அச்சில் ஒருமுறை சுழல 243 பூமி நாட்கள் ஆகும், சூரியனைச் சுற்ற 225 நாட்கள், அதனால் சரி என்றுதான் தோன்றும். ஆனால் 'நாள்' என்றால் நம் பேச்சில் ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. வெள்ளி மற்ற பெரும்பாலான கோள்களுக்கு எதிர்த் திசையில் சுழல்வதால் அங்கே அது சுமார் 117 பூமி நாட்கள்தான், ஆண்டைவிடக் குறைவு. அதே அளவுகோலை வைத்தால் புதனில் ஒரு நாள் 176 பூமி நாட்கள், அதன் ஆண்டு 88, அதாவது அங்கே ஒரு நாள் முடிவதற்குள் இரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். ஆக, வானியல் தெரிந்த ஒருவர் புதன் என்று எழுதினால் அவரைத் தவறு என்று சொல்ல உங்களுக்கு நியாயம் இல்லை. "தன் அச்சில் ஒருமுறை சுழலும் நேரம்" என்று எழுதிவிட்டால் வெள்ளி மட்டும்தான் விடை.

நோபலிலும் அப்படித்தான். "இரண்டு முறை நோபல் வாங்கியவர் யார்?" என்று கேட்டால் கியூரி, லினஸ் பாலிங், ஜான் பார்டீன், ஃப்ரெடெரிக் சாங்கர், 2022-ல் இரண்டாவது முறை வாங்கிய பாரி ஷார்ப்லெஸ் என்று ஐந்து பேர் இருக்கிறார்கள். "இரண்டு வெவ்வேறு அறிவியல் துறைகளில்" என்று சேர்த்தால் 1903-ல் இயற்பியலுக்கும் 1911-ல் வேதியியலுக்கும் வாங்கிய கியூரி ஒருவர்தான் மிஞ்சுவார். கேள்வியை எழுதி முடித்ததும் விடையை மறைத்துவிட்டு, வேறென்ன விடை சரியாக வரலாம் என்று எதிராளி மாதிரி யோசியுங்கள். ஒன்றாவது அகப்பட்டால் கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்.

சரிபார்ப்பது

ஃப்ரெட் வொர்த் என்று ஒரு அமெரிக்கர், பொது அறிவுக் களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவர். தன் உழைப்பை யாராவது அப்படியே எடுத்தால் பிடிபட வேண்டும் என்று அதில் வேண்டுமென்றே ஒரு பொய்த் தகவலைப் புதைத்து வைத்தார்: தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப் என்று. அந்தத் தொடரில் யாரும் அப்படி ஒரு பெயரைச் சொல்லவே இல்லை. பிறகு ட்ரிவியல் பர்ஸூட் என்ற பொது அறிவுக் கேள்வி விளையாட்டு வெளிவந்து பிரபலமானபோது, அதன் அட்டை ஒன்றில் ஃபிலிப் அப்படியே உட்கார்ந்திருந்தார். 1984-ல் வொர்த் வழக்குப் போட்டார். அவருடைய நூலையும் பயன்படுத்தினோம் என்று விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதால் வழக்கு நிற்கவில்லை.

நான் இந்தக் கதையைச் சொல்லக் காரணம் வழக்கு இல்லை, பொய் எப்படிப் பயணம் செய்கிறது என்பது. ஒரு தகவலை இரண்டு இடத்தில் பார்த்தேன் என்று திருப்திப்படாதீர்கள், இரண்டாவது இடம் முதல் இடத்தைப் பார்த்து எழுதியிருந்தால் அது ஒரே இடம்தான். குவிஸ் தொகுப்பை இன்னொரு குவிஸ் தொகுப்பை வைத்துச் சரிபார்க்கவே கூடாது. விண்வெளி என்றால் விண்வெளி நிறுவனத்தின் பக்கம், நோபல் என்றால் நோபல் அமைப்பின் பட்டியல், விளையாட்டு என்றால் அந்த விளையாட்டின் நிர்வாக அமைப்பு என்று மூலத்துக்குப் போய்ப் பாருங்கள். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்பதை எத்தனையோ தொகுப்புகளில் உண்மை என்று அச்சிட்டிருக்கிறார்கள், தெரியாது என்பதுதான் உண்மை.

அப்புறம், காலாவதியாகும் விடைகள். கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானா. 2019-ல் அதற்கு நூர்-சுல்தான் என்று பெயர் மாற்றினார்கள், 2022-ல் மறுபடி அஸ்தானா ஆக்கினார்கள். 2015-ல் எழுதிய கேள்வி 2020-ல் தவறாகி, இப்போது மறுபடி சரியாகியிருக்கிறது! ஸ்வாசிலாந்து 2018-லிருந்து எஸ்வாட்டினி. புளூட்டோ 2006-லிருந்து குறுங்கோள். அதிக நிலவுகள் உள்ள கோள் வியாழனா சனியா என்பதில் 2023-ல்கூட இடம் மாறியது, 2025-ல் சனிக்கு 128 புதிய நிலவுகளை ஒரே சமயத்தில் அங்கீகரித்ததும் அதன் எண்ணிக்கை 274 ஆகிவிட்டது. ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் எந்த மாதம் சரிபார்த்தீர்கள் என்று குறித்து வையுங்கள். மாறக்கூடிய விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டுமென்றால் "இந்த ஆண்டு நிலவரப்படி" என்று கேள்விக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.

தமிழில் கேட்கும்போது

ஆங்கிலக் கேள்வித் தொகுப்பை எடுத்துத் தமிழாக்கிக் கேட்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், மொழி மாறும்போது சில கேள்விகள் செத்துப்போகும். தனிமங்களின் அட்டவணையில் எங்கேயும் வராத ஆங்கில எழுத்துகள் ஜே, க்யூ இரண்டு மட்டும்தான், இதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால்தான் சுவை. ஆக்டோபஸை எண்காலி என்று சொல்லிவிட்டு அதற்கு எத்தனை கால் என்று கேட்க முடியாது, எத்தனை இதயம் என்று கேளுங்கள், மூன்று. ஆனால் இழப்புக்கு ஈடாக ஆங்கிலத்தில் கேட்கவே முடியாத கேள்விகள் நமக்குக் கிடைக்கின்றன. "ஒரு கோள், ஓர் உலோகம், ஒரு கிழமை, மூன்றுக்கும் ஒரே பெயர், என்ன?" வெள்ளி. "ஒரு கிழமை, வானத்தில் ஒரு பொருள், முப்பது நாள் கொண்ட ஒரு கால அளவு?" திங்கள். இவற்றை யாரும் வேறு மொழித் தொகுப்பில் படித்துவிட்டு வந்திருக்க முடியாது, நாமே உட்கார்ந்து யோசித்தால்தான் உண்டு.

பெயர்களை எப்படி எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். கான்பெரா, கேன்பரா, கான்பரா எல்லாம் ஆஸ்திரேலியாவின் தலைநகர்தான். சிட்னி என்று எழுதினால்தான் தவறு.

எத்தனை, எவ்வளவு கடினம்

ஒரு ரவுண்டுக்குப் பத்துக் கேள்வி, ஐந்து அல்லது ஆறு ரவுண்டு, திருத்துவதையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம். டீமுக்கு நான்கிலிருந்து ஆறு பேர், அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பேச மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள்.

கடினத்துக்கு என் அளவுகோல்: பத்தில் மூன்று எல்லா டீமுக்கும் தெரிய வேண்டும், நான்கைந்து விவாதித்தால் வர வேண்டும், ஒன்றோ இரண்டோதான் ஒரு டீமையாவது திணற வைக்க வேண்டும். எந்த டீமாவது ஒரு ரவுண்டில் நான்குக்குக் கீழே வாங்கினால் தப்பு அவர்கள்மேல் இல்லை, கேள்வி எழுதியவர்மேல்தான். முதல் கேள்வி கட்டாயம் எளிதாக இருக்கட்டும், பேனா பிடித்தவுடன் ஒன்று எழுத முடிந்தால் மனம் இளகிவிடும். உங்களுக்குப் பிடித்த துறையில் உங்கள் கேள்விகள் தானாகவே கடினமாகிவிடும் என்பதையும் ஞாபகம் வையுங்கள், எனக்கு வானியல் பிடிக்கும் என்பதால் அதிலிருந்து ஒரு குவிஸுக்கு மூன்று கேள்விக்கு மேல் வைப்பதில்லை.

ஏமாற்றுக் கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். நூற்றாண்டுப் போர் 1337-லிருந்து 1453 வரை 116 ஆண்டுகள் நடந்தது, ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி இன்றைய நாட்காட்டிப்படி நவம்பரில் நடந்தது, இவையெல்லாம் ஒருமுறை கேட்க நன்றாக இருக்கும். மூன்று தொடர்ந்து கேட்டால் எல்லாக் கேள்வியிலும் கண்ணி இருக்கும் என்று சந்தேகப்பட்டு, தெரிந்த விடையையே அடித்துவிட்டு வேறு எழுதுவார்கள்.

படத்தைப் பார்த்து விடை எழுதும் ரவுண்டை ஆரம்பத்திலேயே கொடுத்துவிடலாம், நடுவில் திருத்தும் நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொடிகள் வைப்பதானால் சாட், ருமேனியா இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், இந்தோனேசியாவும் மொனாக்கோவும் நீள அகல விகிதத்தில்தான் மாறும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

அன்றைக்கு

கேள்விகளை முந்தின நாளே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்கு நன்றாக இருக்கும் வாக்கியம் சத்தத்தில் காதுக்குப் புரியாமல் போகும், முக்கியமாகக் கேள்விச் சொல் கடைசியில் வந்தால் எதைக் கவனிப்பது என்றே தெரியாது. நீளமான கேள்வியில் "ஒரு நாட்டின் பெயர் வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படியுங்கள், ரவுண்டு முடிந்ததும் பத்தையும் வேகமாக ஒருமுறை. விடைத்தாளைப் பக்கத்து டீமோடு மாற்றித் திருத்தச் சொன்னால் நேரம் மிச்சம். போனைப் பற்றி ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், பேசிக் கண்டுபிடிக்கிற கேள்வியாக இருந்தால் போனைத் தேட அவர்களுக்கே தோன்றாது.

விடையைச் சொல்லும்போது விடையை மட்டும் சொல்லிவிட்டு ஓடாதீர்கள். ஏன் அப்படி என்று ஒரு வரி சொல்லுங்கள், 176 நாள் நீளமான புதனின் பகலிரவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு மேஜை முழுக்க நிமிர்ந்து பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

யாராவது மறுத்தால் அமைதியாகக் கேளுங்கள். உங்கள் கேள்வியில் ஓட்டை இருந்தால் இரண்டு விடைக்கும் புள்ளி கொடுத்துவிட்டு மேலே போங்கள், சந்தேகமாக இருந்தால் இடைவேளையில் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி பாருங்கள். குடும்பப் பெயர் மட்டும் எழுதினால் போதும் என்று முதலிலேயே அறிவித்துவிடலாம், ஆனால் ரூஸ்வெல்ட், புஷ் மாதிரி ஒரே பெயரில் இரண்டு அதிபர்கள் இருக்கும் இடத்தில் முழுப் பெயர் கேளுங்கள்.

சமநிலை வந்தால் தீர்க்க எப்போதும் ஒரு எண் கேள்வி கையில் இருக்கட்டும், யார் அருகில் வருகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. யாருக்கும் நேராகத் தெரிந்திருக்கக் கூடாது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வழி இருக்க வேண்டும். நான் வைத்திருப்பது இது: "இரண்டாம் எலிசபெத் எத்தனை நாட்கள் ராணியாக இருந்தார்?" 1952 பிப்ரவரி 6-லிருந்து 2022 செப்டம்பர் 8 வரை, 25,782 நாட்கள். எழுபது ஆண்டு என்று யாருக்காவது ஞாபகம் இருந்தால் போதும், 365-ஆல் பெருக்கி, லீப் ஆண்டுகளைக் கூட்டு, இல்லை அது ஏற்கெனவே கூட்டியாகிவிட்டது என்று கடைசி நிமிடம் வரை சத்தம் ஓயாது.

முடிந்ததும் விடைத்தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தக் கேள்விக்கு எத்தனை டீம் சரியாக எழுதியது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறித்து வையுங்கள், ஒருவருமே எழுதாத கேள்வியை எடுத்து அதற்கு ஒரு குறிப்பு சேர்த்து எழுதுங்கள், எல்லோரும் எழுதியதை அடுத்த முறை முதல் கேள்வியாக வையுங்கள்.